முகூர்த்த சீசனில் உதடு: ட்ரம்பெட் வாசிக்கிறவர்கள் அனுபவத்தைப் போடுங்கள்

பித்தளைப் பிரியன்

மாப்பிள்ளை அழைப்பு, சர்ச் பவனி என்று அடுத்தடுத்து ஊதும்போது உதட்டுக்கு என்ன ஆகிறது, டோன் ஏன் கெடுகிறது, எது கைகொடுக்கிறது? "தினமும் சாதகம் பண்ணு தம்பி" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

சுண்டுவிரல்

உதடு வீங்கினால் முதலில் கையைப் பாருங்கள். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது காற்றைக் கூட்டாமல் வாத்தியத்தை முகத்தோடு வைத்து அழுத்துகிறோம். மவுத்பீஸின் விளிம்புக்கும் (ரிம்) முன்பல்லுக்கும் நடுவே உதடு நசுங்குகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, மரத்துப்போகிறது. மரத்த உதடு அதிராது. அதிரவில்லையே என்று இன்னும் அழுத்துவோம். கடைசிப் பாட்டுக்கு வரும்போது வெறும் காற்றுச் சத்தம்தான் மிஞ்சும்.

வலது சுண்டுவிரலுக்கு ஒரு கொக்கி இருக்கிறதே, அது ஒரு கையால் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு தாள் புரட்டுவதற்கு, மியூட் (ஒலியை அடக்கும் மூடி) போடுவதற்கு. அதில் விரலை மாட்டிக்கொண்டு வாசித்தால் தன்னையறியாமல் இழுக்கத் தோன்றும். விரலைக் கொக்கிக்கு மேலே சும்மா வையுங்கள். அழுத்தம் எவ்வளவு என்று தெரிய ஒரு சோதனை: வாத்தியத்தை இடது உள்ளங்கையில் இறுக்காமல் படுக்க வைத்து, இரண்டாம் கோட்டு ஜி ஊதிப் பாருங்கள். ஒலி வந்தால் அந்தச் சுரத்துக்குத் தேவையான அழுத்தம் அவ்வளவுதான்.

வாசித்து முடித்ததும் மேலுதட்டில் தெரியும் சிவப்பு வளையம் சற்று நேரத்தில் மறைந்துவிட்டால் பயமில்லை. மறுநாள் காலையிலும் தடிப்பு இருந்தாலோ, உள் உதட்டில் பல் தடம் தெரிந்தாலோ அன்றைக்கு ட்ரம்பெட் பெட்டியிலேயே இருக்கட்டும். ஊர்வலத்தில் இன்னொரு ஆபத்து நடை. ஒவ்வொரு அடியும் உதட்டில்தான் போய் இடிக்கும். முழங்காலைத் தளர்த்தி, முழங்கையை விலாவிலிருந்து விலக்கி நடந்தால் அதிர்ச்சி பாதி கையிலேயே நின்றுவிடும். ஸ்பீடு பிரேக்கர் வரும் இடத்தில் பல்லவியின் உச்சத்தை எடுக்காதீர்கள்!

மூன்றாம் வரிசை

மேலே சொன்னதை அலட்சியம் பண்ணினால் எதுவரை போகும் என்பதற்கு அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் சாட்சி. உதட்டுப் புண்ணோடு பல காலம் வாசித்தவர். ஜெர்மனியின் மான்ஹைமில் தயாரான ஒரு உதட்டுக் களிம்பை விடாமல் பயன்படுத்தினார். பிறகு அந்தக் களிம்புக்கே அவர் பெயர் வந்தது. வாயைச் சுற்றியுள்ள வட்டத்தசை கிழிந்துபோவதை 1982-ல் ஒரு மருத்துவக் கட்டுரை 'சாட்ச்மோ சிண்ட்ரோம்' என்றே குறித்தது. சாட்ச்மோ அவருடைய பட்டப்பெயர். திடீரென்று 'சுளீர்' என்று வலித்து, பிறகு உதட்டோரத்தில் காற்று கசிய ஆரம்பித்தால் களிம்பு தேடாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

நெய்க்கிண்ணம்

களிம்பு பற்றி. மெந்தால், கற்பூரம் கலந்த லிப் பாம் போட்டதும் ஜில்லென்று இருக்கும். எரிச்சலையும் வறட்சியையும் அது கூட்டும். ராத்திரி படுக்கும்போது வாசலினோ லானோலின் களிம்போ, வீட்டில் இருக்கும் நெய்யோ போதும். வாசிப்பதற்கு முன் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரிம் வழுக்கும், பிடிக்கவேண்டி மறுபடி அழுத்தம். பகல் ஊர்வலமாக இருந்தால் எஸ்.பி.எஃப் உள்ள பாம், குறிப்பாகக் கீழுதட்டுக்கு. நாக்கால் நக்கி நக்கி ஈரப்படுத்தும் பழக்கம் தான் வெடிப்புக்கு நேர்வழி.

கல்யாண வீட்டில் பந்தியை முடித்துவிட்டு வாசிக்கச் சொல்வார்கள். ஊறுகாய், அப்பளம், காரக்குழம்பு மூன்றும் உதட்டுக்கு ஆகாது. உப்பு கொஞ்சம் தடிக்க வைக்கும், காரம் எரியும். தயிர்சாதத்தோடு எழுந்து வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். வெற்றிலை வேண்டவே வேண்டாம், சுண்ணாம்பு பட்டால் அன்றைக்குக் கதை முடிந்தது. மீசையை எடுக்கிறவர்கள் முதல் நாள் மாலையே எடுத்துவிடுங்கள். ரிம்முக்கு அடியில் புதுச் சவரக் காயம் இருந்தால் வியர்வையும் சேர்ந்து குத்தும்.

ஒருவர் மவுத்பீஸை இன்னொருவர் வாங்கி ஊதுவது பேண்டு செட்டில் சாதாரணம். உதட்டோரக் கொப்புளம் உள்ளவரிடமிருந்து வைரஸ் அப்படியே வந்துவிடும். மவுத்பீஸ் மட்டுமாவது சொந்தமாக இருக்கட்டும். வெள்ளி முலாம் போய்ப் பித்தளை தெரிகிற ரிம்மும் உதட்டை அரிக்கும், மறுமுலாம் போட வேண்டும்.

வால்வு ஆயில்

நெய்க்கிண்ணம் அண்ணா சொன்னதோடு டோனையும் சேர்த்துக்கொள்கிறேன். நம் ஊர் வெயிலில் வாத்தியம் சூடானால் உள்ளே காற்றில் ஒலியின் வேகம் கூடி சுருதி ஏறும். கீபோர்டு ஏறாது. ட்யூனிங் ஸ்லைடை (சுருதி சரிசெய்ய நீட்டிக் குறைக்கும் குழாய்) இழுக்காமல் உதட்டைத் தளர்த்தியே சுருதியை இறக்கிக்கொண்டு வாசித்தால், சுரத்தின் நடுப்பகுதியை விட்டு விலகி ஊதுகிறோம். டோன் சப்பென்று போகும், உதடும் சீக்கிரம் களைக்கும். முதல் பாட்டு முடிந்ததும் மறுபடி சுருதி பாருங்கள். கீழ் டி-யும் சி ஷார்ப்பும் இயல்பாகவே ஏறி நிற்கும். அதற்கு மூன்றாம் வால்வு ஸ்லைடை நீட்டவேண்டும், டி-க்குக் கொஞ்சம், சி ஷார்ப்புக்கு அதைவிட அதிகம். உதட்டால் இறக்காதீர்கள்.

நடுப்பகுதி எங்கே என்று காது கண்டுபிடிக்க இப்படிச் செய்யலாம்: வால்வைத் தொடாமல் ஜி ஊதி, உதட்டாலும் காற்றாலும் அரைச் சுரம் இறக்கி, மெல்ல ஜி-க்கே திரும்புங்கள். ஏறி வரும்போது ஒரு இடத்தில் ஒலி தானாக விரியும். அதுதான் இடம்.

பித்தளைப் பிரியன்

நிகழ்ச்சி நாளில் எவ்வளவு வார்ம் அப், தம்பி? அதிகம் ஊதினால் அங்கேயே களைத்துவிடுகிறதே.

வால்வு ஆயில்

பதினைந்து நிமிஷம் போதும், அதில் பாதி ஓய்வு. உதட்டை மட்டும் குதிரை கனைப்பது போலப் படபடவென்று ஒரு நிமிஷம். மவுத்பீஸில் மட்டும் இரண்டு நிமிஷம், சைரன் போல ஏற்றி இறக்கி. பிறகு மெட்ரோனோம் 60-ல் (நிமிஷத்துக்கு 60 தட்டு) ஜி எட்டு எண்ணிக்கை: மெல்லத் தொடங்கி, நடுவே விரித்து, மெல்ல முடித்து. அடுத்த எட்டு எண்ணிக்கை வாத்தியத்தை முகத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இப்படியே அரைச் சுரமாகக் கீழ் சி வரை. மேல் சுரங்களைப் 'பரிசோதித்து' பார்க்க வேண்டாம், மேடையில் வரும். சுரம் மெல்லிசாக, கீச்சென்று வந்தால் உதட்டோரம் சிரிக்கிற மாதிரி விரிந்திருக்கும் அல்லது பல் மூடியிருக்கும். ஓரங்களை உறுதியாக வைத்து, 'ஓ' சொல்கிற இடைவெளி பல்லுக்கிடையே விடுங்கள்.

முடித்த பிறகு இரண்டு மூன்று நிமிஷம் கீழ் ஸ்தாயியில் மெல்ல, மறுபடி கனைப்பு. வீக்கம் இருந்தால் ஐஸைத் துணியில் சுற்றி ஐந்து பத்து நிமிஷம், நேரடியாக வேண்டாம்.

சுண்டுவிரல்

பெரிய மவுத்பீஸ் வாங்கினால் டோன் பெரிதாகும் என்று கடைக்கு ஓடுகிறவர்களுக்கு: பாக் கம்பெனி மவுத்பீஸில் உள்விட்டம் 7சி-க்கு 16.20 மி.மீ., 3சி-க்கு 16.30. இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழைதான். உதட்டில் உணரும் வித்தியாசம் பெரும்பாலும் ரிம்மின் வளைவு. 17 மி.மீ. உள்ள 1½சி-க்கு ஒரே தாவலில் போனால் மூன்று மணி நேர ஊர்வலத்தில் உதடு கைவிடும்.

அதற்கு முன் வாத்தியத்தைப் பாருங்கள். வாட்டர் கீ (உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்றும் சாவி) கார்க்கை விரலால் அழுத்திக்கொண்டு ஊதும்போது ஒலி தெளிந்தால் அங்கே கசிவு. கார்க் மாற்ற ஒரு டீ செலவுதான். வாய்ப்பக்கக் குழாயில் பச்சையும் பிசுக்கும் சேர்ந்தால் டோன் மங்கும். மாதம் ஒருமுறை வால்வுகளைக் கழற்றி வைத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் துளி விட்டு, வளையும் பிரஷை உள்ளே ஓட்டுங்கள். கொதிக்கும் தண்ணீர் லாக்கரை (மேல் பூச்சு) உரிக்கும். மவுத்பீஸ் இறுகிக்கொண்டால் குறடு போட்டுத் திருகாதீர்கள், குழாய் முறுக்கிக்கொள்ளும். அதற்கென்றே மவுத்பீஸ் புல்லர் இருக்கிறது, செட்டுக்கு ஒன்று வாங்கிப் போடுங்கள்.