சைமன்ஸ் குவெஸ்ட்: பேட்ச் போட்டு ஆடலாமா, அப்படியே ஆடலாமா?

மாடிவீட்டு_மணி:

வணக்கம். பிளேஸ்டேஷனில் சிம்ஃபனி ஆஃப் தி நைட் முடித்ததிலிருந்து, பழைய காசில்வேனியா வீடியோ கேம் எல்லாவற்றையும் வரிசையாக ஆடிவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. முதல் பாகம் ஒருவழியாக முடிந்தது. இப்போது இரண்டாவதில் நிற்கிறேன், சைமன்ஸ் குவெஸ்ட், நின்டெண்டோவின் என்.இ.எஸ் கருவியில் வந்தது. நிற்கிறேன் என்றால் நிஜமாகவே நிற்கிறேன். எங்கே போவது என்று தெரியவில்லை.

ஊருக்குள் போய் யாரிடம் பேசினாலும் மண்டை காய்கிறது. ஒருவர் "கல்லறை வாத்திடம் பட்டுப் பை வாங்கினால் நீண்ட நாள் வாழலாம்" என்கிறார். இன்னொருவர் டெபோரா பாறையில் தலையால் முட்டு, துளை விழும் என்கிறார். நாயகன் சைமனுக்குத் தலையால் முட்டவே தெரியாது, கையில் இருப்பது சாட்டை. இதற்கிடையில் பொழுது சாயும்போதெல்லாம் ஆட்டம் நின்று, "என்ன ஒரு கொடிய இரவு" என்று ஒவ்வொரு எழுத்தாக வந்து விழுகிறது. விடிந்தால் மறுபடி ஒரு வாசகம்.

இதற்கு ரசிகர்கள் செய்த பேட்ச், அதாவது ஆட்டத்தின் கோப்பை மாற்றும் சின்னக் கோப்பு, சில இருப்பதாகப் படித்தேன். ஒன்று வசனங்களை ஜப்பானிய மொழியிலிருந்து புதிதாகப் பெயர்த்து, வரைபடமும் சேர்த்திருக்கிறதாம். இன்னொன்று குறிப்புகளை மட்டும் திருத்துகிறது. எதைப் போடுவது? முதல் தடவை ஆடுகிறவன் பேட்ச் போட்டு ஆடினால் அது ஏமாற்று வேலை ஆகிவிடாதா?

ஆர்வம் தாங்காமல் முதலாவதைப் போட்டும் பார்த்தேன். முகப்புத் திரையே கோலத்தில் தண்ணீர் ஊற்றியது மாதிரி வந்தது. ஐ.பி.எஸ் கோப்பு, சாதாரண பேட்சர் மென்பொருள்தான். பிழை என்று எதுவும் சொல்லவில்லை, "வெற்றி" என்றுதான் சொன்னது.

சாலிடரிங்_சாமி:

தம்பி, முதலில் கலங்கிய திரையைப் பார்ப்போம், அது சின்ன வேலை.

ஐ.பி.எஸ் ரொம்பப் பழைய வடிவம். கோப்பின் தலையில் 'பேட்ச்' என்று ஐந்து ஆங்கில எழுத்து, அதன் பிறகு "இந்த இடத்திலிருந்து இத்தனை பைட்டை இப்படி மாற்று" என்று ஒரு வரிசை, கடைசியில் முடிவுக் குறி. அவ்வளவுதான். நீ கொடுத்த ரோம், அதாவது கேசட்டிலிருந்து எடுத்த ஆட்டக் கோப்பு, சரியானதா என்று அது பார்க்கவே பார்க்காது. நீ ஒரு கல்யாணப் படத்தைக் கொடுத்தாலும் அதிலும் எழுதிவிட்டு "வெற்றி" என்று சொல்லும். பிறகு வந்த பி.பி.எஸ் வடிவம் அப்படி இல்லை. அதில் மூல ரோமின் சரிபார்ப்பு எண் உள்ளேயே இருக்கும், பொருந்தாவிட்டால் வேலையைத் தொடங்காது.

உன் கோப்பின் பெயரில் 'யூரோப்' என்று இருக்கிறதா பார். சைமன்ஸ் குவெஸ்ட் அமெரிக்காவில் 1988-இல் வந்தது, ஐரோப்பாவில் 1990-இல். இந்த மாதிரி பேட்ச்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பதிப்பை வைத்துச் செய்தவை. இடம் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் போச்சு, வசனம் போக வேண்டிய இடத்தில் படம் இருக்கும், படத்தின் மேல் வசனம் உட்காரும். பேட்சோடு வரும் குறிப்புக் கோப்பில் எந்தப் பதிப்பு வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். நம் ஆட்கள் யாரும் அதைத் திறப்பதே இல்லை.

இன்னொன்று, மூல ரோமின் மேலேயே எழுதாதே. பழைய ஆட்டங்களை ஓட்டும் ரெட்ரோஆர்க் மென்பொருள் வைத்திருந்தால் ரோமுக்கும் பேட்சுக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே ஃபோல்டரில் போடு. ஆட்டம் திறக்கும்போது தானாகப் பொருத்திக்கொள்ளும், மூலக் கோப்பு தொடப்படாமல் இருக்கும். பிடிக்காவிட்டால் பேட்சைத் தூக்கிவிடலாம்.

சரி, இப்போது பெரிய கேள்வி. ஏமாற்று வேலையா?

என் தொழில் நாகர்கோவிலில் மொபைல் சர்வீஸ். அதற்கு முன்னால் டிவி கேம் ரிப்பேர். அன்றைக்கு என் மேசைக்கு வந்த கேசட்டைத் திறந்தால் உள்ளே ஒரு கறுப்புச் சொட்டு, அதற்குக் கீழே மொத்த ஆட்டமும். ஆட்டத்தைச் சேமிக்கப் பேட்டரி கிடையாது. கான்ட்ரா, மரியோ, டாங்கி எல்லாம் உண்டு. செல்டா, காசில்வேனியா இரண்டாம் பாகம் மாதிரி அலைந்து தேடுகிற ஆட்டம் அந்தக் கலவைக் கேசட்டுகளில் என் கண்ணில் பட்டதே இல்லை. ஆகவே இவற்றை நான் சிறு வயது ஞாபகமாகப் பார்க்கவில்லை. பழுது வந்த பொருளாகத்தான் பார்க்கிறேன். பழுது எது, பொருளின் குணம் எது என்று பிரிக்க வேண்டும். நல்ல பேட்ச் பழுதை மட்டும் நீக்கும்.

இந்த ஆட்டம் ஜப்பானில் 1987-இல் கேசட்டாக வரவில்லை. என்.இ.எஸ்-இன் ஜப்பானிய வடிவமான ஃபேமிகாமுக்கு என்று தனியாக ஒரு டிஸ்க் கருவி இருந்தது, அதற்கான டிஸ்க்கில் வந்தது. டிஸ்க்கில் எழுதலாம், ஆகவே ஆட்டத்தைச் சேமிக்கலாம். அமெரிக்காவுக்குக் கேசட்டாக மாற்றியபோது பேட்டரி வைக்கவில்லை, நீளமான பாஸ்வேர்டைக் கொடுத்தார்கள். எழுத்துகள் ஊர்ந்து வருவது, இரவு வரும்போது ஆட்டம் நிற்பது, இதெல்லாம் எனக்குப் பழுது. யாரும் ரசித்துச் செய்த சிரமமாகத் தெரியவில்லை. அதைச் சுருக்கினால் ஆட்டத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அடுத்து ஊர்க்காரர்கள். பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். எல்லாக் குழப்பத்தையும் மொழிபெயர்ப்பின் தலையில் கட்டுகிறார்கள். ஜப்பானிய மூலத்திலும் ஊர்க்காரர்கள் பொய் சொல்கிறார்கள், தம்பி. சாபம் பிடித்த ஊர், அந்நியன் ஒருவன் சாட்டையோடு வருகிறான், அவர்கள் எதற்கு உண்மை பேச வேண்டும்? தலையால் முட்டச் சொன்னவர் உனக்குப் புருடா விட்டிருக்கிறார். அதே பாறையைப் பற்றி உண்மையான குறிப்பும் ஆட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது "சிவப்புப் படிகத்தோடு ஓர் ஆன்மாவுக்காகக் காத்திரு" என்று கிடக்கிறது. நீ பார்க்கப்போவது ஆன்மா இல்லை, சூறைக்காற்று. படிகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு மண்டியிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தால் அது வந்து உன்னைத் தூக்கிப் போய் அடுத்த மாளிகைப் பக்கம் போடும். ஆக, பொய்யும் உளறல், உண்மையும் உளறல். பிரித்துப் பார்க்கும் வேலைதான் இந்த ஆட்டமே, அதுவே நடக்க முடியாமல் போய்விட்டது. 1988-இல் நின்டெண்டோ பவர் இதழின் இரண்டாவது இதழே இந்த ஆட்டத்தை அட்டையில் போட்டது. டிராகுலாவின் தலையை சைமன் கையில் பிடித்திருக்கும் அட்டை. வழிகாட்டிக் கட்டுரை வாசித்தவன் கரை சேர்ந்தான், மற்றவன் பாறை முன்னால் நின்றான்.

வாத்தும் அப்படித்தான். கல்லறையில் வாத்து எல்லாம் இல்லை. ஸ்டோரிகோய் கல்லறையில் பூண்டைப் பயன்படுத்து, ஒரு ஆள் வந்து பட்டுப் பையைத் தருவார்.

ஆகவே புதிதாகப் பெயர்த்த பேட்சையே போடு. அதில் உண்மைக் குறிப்பு உண்மையாகப் படிக்கிறது, பொய்யர்கள் பொய்யர்களாகவே இருக்கிறார்கள். பொய்களையும் சேர்த்துத் துடைத்து, எல்லாரையும் வழிகாட்டிப் பலகை ஆக்கிவிட்ட ஒரு பேட்ச் எங்காவது கிடைத்தால் அதைத் தொடாதே.

ஜாய்ஸ்டிக்_ஜானகி:

சாமி அண்ணன் சொன்னதில் வசனம் வரைக்கும் எனக்குச் சம்மதம். வரைபடத்தில் மட்டும் இல்லை.

செல்டா முதல் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 1986. வெளியுலகம் பதினாறுக்கு எட்டு, மொத்தம் 128 திரை. மூலையில் ஒரு சாம்பல் செவ்வகம், அதில் நீங்கள் ஒரு புள்ளி. வேறொன்றும் காட்டாது. அமெரிக்கப் பெட்டியில் முழுதாக நிரப்பாத ஒரு காகித வரைபடம் வைத்துக் கொடுத்தார்கள், மீதியை ஆடுகிறவர் நிரப்ப வேண்டும். இப்போது ஆட்டோமேப் பேட்ச் போட்டால் போன இடமெல்லாம் அந்தச் செவ்வகத்தில் தானாக நிரம்புகிறது. வசதிதான். ஆனால் எந்தப் புதரை எரித்தேன், எந்தப் பாறையில் குண்டு வைத்தேன் என்று என் கட்டம் போட்ட நோட்டில் நான் எழுதிய பக்கங்கள்தான் எனக்கு ஆட்டம். திரையில் நடந்தது பாதி. ஆட்டோமேப் போட்டு ஆடிய என் தம்பிக்கு அந்த உலகத்தில் ஒரு இடம்கூட ஞாபகம் இல்லை. அவனைக் கேட்டால் நன்றாக இருந்தது என்பான், அது வேறு கதை.

இதே செல்டாவுக்கு ரீடக்ஸ் என்று ஒரு பேட்ச் இருக்கிறது. அதில் செலக்ட் பொத்தானை அழுத்தினால் கையில் உள்ள பொருள் மாறும். மூலத்தில் ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் அழுத்தி, தனித் திரைக்குப் போய், தேடி எடுத்துத் திரும்ப வேண்டும், செலக்ட் பொத்தான் வெறுமனே ஆட்டத்தை நிறுத்தி வைக்கும். இந்த மாற்றத்தை நான் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன். உயிர் குறையும்போது விடாமல் அடிக்கும் அந்தப் பீப் சத்தத்தைக் குறைப்பவர்களுக்கும் ஒரு கும்பிடு.

ஆனால் எனக்கு நம்பர் ஒன் எப்போதும் செல்டா வரிசையின் லிங்க்ஸ் அவேக்கனிங்தான். கேம்பாயில் இரண்டே பொத்தான், வாளுக்கும் கேடயத்துக்குமே சரியாகப் போய்விடும். கல் தூக்க உதவும் காப்பு போடாமல் ஒரு கல்லை உரசினாலே "ரொம்பக் கனமாக இருக்கிறது" என்று பெட்டி திறக்கும். தெரியும். முதல் முறையே தெரிந்துவிட்டது. ஒரு குறுகலான பாதையில் நடந்தால் அந்தப் பெட்டி திரும்பத் திரும்ப வரும். அதை நீக்கிய பேட்சுக்குப் பிறகு மூலத்துக்குத் திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

மணி, நீங்கள் சைமன்ஸ் குவெஸ்டை முதல் இரண்டு மாளிகை வரைக்குமாவது வரைபடம் திறக்காமல் ஆடிப் பாருங்கள்.

சாலிடரிங்_சாமி:

ஜானகி, செல்டாவுக்கு நீ சொல்வது சரி. அது கட்டம் கட்டமான உலகம், நோட்டில் அழகாக உட்காரும். சைமன்ஸ் குவெஸ்ட் பக்கவாட்டில் ஓடும் ஆட்டம். வலது பக்கம் போனால் ஒரு ஊர், நடுவில் படியேறினால் வேறு வழி, கீழே இறங்கினால் இன்னொன்று. இதை நோட்டில் போட்டால் வேப்பமர வேர் மாதிரி வரும். போதாக்குறைக்கு நேரம் ஓடுகிறது. மாளிகைக்கு உள்ளே கடிகாரம் நிற்கும், வெளியே நிற்காது. எத்தனை நாளில் முடித்தாய் என்பதைப் பார்த்து மூன்று முடிவில் ஒன்றைக் காட்டுவார்கள். வழி தெரியாமல் அலைகிறவனுக்கு அங்கே தண்டனை உண்டு, செல்டாவில் அப்படி எதுவும் கிடையாது. அதனால்தான் இதற்கு மட்டும் வரைபடத்துக்கு ஓட்டுப் போடுகிறேன்.

உன் தம்பியைச் சும்மா விடு.

மாடிவீட்டு_மணி:

அண்ணா, யூரோப் பதிப்பேதான்! என்னிடம் இருந்த அமெரிக்கக் கேசட்டின் கோப்பை வைத்துப் போட்டேன், முகப்பு சுத்தமாக வருகிறது. வசனம் சட்டென்று வருகிறது, இரவு வரும்போது கடுப்பாகவில்லை. இத்தனை நாள் வரைபடம் இல்லாமல்தான் ஆடினேன் ஜானகி அக்கா, அதனால் உங்கள் நிபந்தனையில் பாதியை நிறைவேற்றியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சந்தேகம். பழைய ஆட்டத்தில் எடுத்த சேவ் ஸ்டேட்டை இதில் திறக்கலாமா? திரும்ப முதலிலிருந்து டிராகுலாவின் விலா எலும்பு தேடிப் போக வேண்டுமா? இன்னொன்று, அடுத்து செல்டா ரீடக்ஸ் எடுக்கலாம் என்று ரோம்ஹேக்கிங் தளத்துக்குப் போனால், அங்கே ஏதோ மூடிவிட்ட மாதிரி எழுதியிருக்கிறது.

சாலிடரிங்_சாமி:

சேவ் ஸ்டேட் வேண்டாம். அது அந்த நொடியில் கருவியின் நினைவகம் எப்படி இருந்தது என்பதை அப்படியே பிடித்து வைத்த படம். ரோம் உள்ளே வராது. பழைய நிரல் எந்த இடத்தில் நின்றதோ அந்த முகவரியில் இப்போது புதிய நிரல் வேறு எதையோ வைத்திருக்கலாம். திறக்கும், சில சமயம் ஓடக்கூட ஓடும், அப்புறம் ஏதாவது ஒரு கதவில் நுழையும்போது உறையும். விலா எலும்பு முதல் மாளிகையில்தானே இருக்கிறது, வழியும் இப்போது உனக்குத் தெரியும். அரை மணி நேர வேலை.

தளம் 2024 ஆகஸ்டில் புதிய பதிவுகள் வாங்குவதை நிறுத்தியது. அதுவரை சேர்ந்த மொத்தத் தொகுப்பையும் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றிவிட்டார்கள், பழைய பேட்ச்கள் அங்கே கிடைக்கும். அதற்குப் பிறகு வந்தவற்றுக்கு, செய்தவர்கள் தங்கள் சொந்தப் பக்கங்களில் வைத்திருப்பதைத் தேட வேண்டும். பேட்சை மட்டும் தேடு. பேட்ச் போட்ட ரோமாகவே ஒருவர் கொடுத்தால் அதில் எந்தப் பதிப்பு, எந்த மாற்றம் என்று உனக்கு ஒன்றும் தெரியாது, இங்கே அந்த இணைப்பைப் போட்டாலும் மட்டுறுத்துநர் தூக்கிவிடுவார்.

செல்டாவுக்குப் போகும்போது ஒன்றைக் கவனி. அமெரிக்கக் கேசட்டிலேயே இரண்டு திருத்தப் பதிப்பு உண்டு, பேட்சர்கள் பி.ஆர்.ஜி-0, பி.ஆர்.ஜி-1 என்று எழுதுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். குறிப்புக் கோப்பைத் திறந்து, அதில் உள்ள சி.ஆர்.சி என்ற சரிபார்ப்பு எண்ணை உன் கோப்பின் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுப் போடு.

ஜாய்ஸ்டிக்_ஜானகி:

செல்டாவை ஆரம்பிக்கும் முன்னால் கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கிவிடுங்கள் மணி. பதினாறு கட்டம் குறுக்கே, எட்டு நெடுக்கே. ரீடக்ஸில் ஆட்டோமேப்பும் சேர்ந்தே வருகிறது, நான் அந்த மூலையில் ஒட்டுத்தாள் ஒட்டி மறைத்துத்தான் ஆடுகிறேன்.