ஊருணி நிதி: வேறு கணக்குக்குப் போன பணம் பற்றி

அன்புள்ள நம் ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஊருணி தூர்வார துபாயிலிருந்து அண்ணன் அனுப்பிய பணம் சங்கக் கணக்குக்கு வரவில்லை. கணக்கு எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறி, அதே வங்கியில் வேறு யாருடைய கணக்கிலோ விழுந்துவிட்டது. "பெயரைச் சரியாகத்தானே போட்டேன்?" என்று அண்ணன் கேட்டிருந்தார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே சொல்லிவிட்டது. எண்ணைச் சரியாகக் கொடுப்பது அனுப்புபவர் பொறுப்பு. அப்படி ஒரு கணக்கே இல்லை என்றால் பணம் தானாகத் திரும்பிவிடும். இங்கே கணக்கு இருப்பதால்தான் சிக்கல்.

அண்ணே, புகார் உங்கள் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பணம் அனுப்பிய எக்ஸ்சேஞ்சில் ரசீதைக் காட்டி யூடிஆர் எண்ணை (அந்தப் பரிமாற்றத்துக்கான அடையாள எண்) வாங்குங்கள். தேதி, தொகை, போட்ட எண், போட்டிருக்க வேண்டிய எண் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்து, பணத்தைத் திரும்பக் கேட்கும்படி சொல்லுங்கள். போனில் சொன்னால் போதாது. அவர்கள் வழியாகக் கோரிக்கை இங்குள்ள வங்கிக்கு வரும். வங்கி அந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்கும். அவர் சரி என்றால் பணம் திரும்பும். அவரைக் கேட்காமல் வங்கி தன்னிஷ்டத்துக்கு எடுத்துவிட முடியாது. கணக்கில் பணம் செலவாகாமல் இருக்கும்போதே கேட்டால்தான் சுலபம், அதனால் நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

பொருளாளர் ஊர்க் கிளையிலும் ஒரு கடிதம் கொடுக்கட்டும். அது யார் கணக்கு என்று மேலாளர் சொல்லவில்லையே என்று அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். வாடிக்கையாளர் விவரத்தை அவர் வெளியே சொல்லக் கூடாது.

அந்த மனிதரைச் சிலர் திருடன் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பணம் வந்ததையே அவர் கவனிக்காமல் இருந்திருக்கலாம். ஒருவேளை எப்படியாவது அவர் நம்பர் கிடைத்தாலும் தயவுசெய்து யாரும் நேரடியாகக் கூப்பிடாதீர்கள். "தெரியாமல் உங்களுக்கு அனுப்பிவிட்டேன், திருப்பிப் போடுங்கள்" என்று மோசடிக்காரர்களும் இதே வார்த்தைகளைத்தான் சொல்கிறார்கள். நல்ல மனிதராக இருந்தாலும் பயந்துபோய் போனை வைத்துவிடுவார். வங்கி கூப்பிட்டால் நம்புவார். அதன் பிறகும் தர மறுத்தால், தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆவது பிரிவு சொல்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். வங்கியே 30 நாள் வரை பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அழைப்பு எண் 14448.

மற்ற நாடுகளில் அந்தந்த நாட்டுக் கணக்குகளுக்குள்ளேயே பணம் மாறிப்போனால் வேறு விதிகள். லண்டனில் இருப்பவர்கள் வங்கியிடம் சொன்னால், பணத்தை மீட்க அது நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு விதி. சிட்னி, மெல்போர்னில் உள்ளவர்கள் பத்து வேலை நாட்களுக்குள் சொல்லிவிடுங்கள். தாமதமானால் மீட்பது கடினம்.

இனி சங்கக் கணக்கு எண்ணை யாரும் கையால் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டாம். பொருளாளர் பாஸ்புக் முதல் பக்கத்தைப் படமெடுத்து இந்தக் குழுவில் போடுவார். 2020இல் வங்கிகள் இணைந்த பிறகு பல கிளைகளின் ஐஎஃப்எஸ்சி (கிளையின் அடையாளக் குறியீடு) மாறியது, அதனால் பழைய பதிவு வைத்திருப்பவர்கள் அதை அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். முதலில் சிறு தொகை போட்டு, வந்துவிட்டது என்று பொருளாளர் சொன்ன பிறகு மீதியை அனுப்புங்கள். இந்தியக் கணக்கிலிருந்து நெஃப்ட் (வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் முறை) செய்பவர்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து பெயர் சரிபார்க்கும் வசதி வந்திருக்கிறது, அதையும் பாருங்கள்.

அண்ணே, ரசீதின் படத்தை இன்றைக்கே எனக்குத் தனியாக அனுப்புங்கள். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். அதுவரை ஊருணி வேலைக்கு என்று இன்னொரு முறை பணம் போட வேண்டாம். வேலை ஆட்களுக்கு இந்த வாரக் கூலி சங்க இருப்பிலிருந்து போகும் என்று பொருளாளர் சொல்லிவிட்டார்.

அன்புடன்,
சங்கத் துணைச் செயலாளர்