எம்.எஃப். 135 டிராக்டர்: டீசல் பம்ப் போய்விட்டதா, பம்பை ஓட்டும் ஷாப்ட் தேய்ந்துவிட்டதா?

செம்பனைக்காரன்:
வணக்கம் அண்ணன்மாரே. பெஸ்தாரி ஜெயா பக்கம் (நம்ம பழைய பத்தாங் பெர்ஜுந்தைதான்) சின்னச் செம்பனைத் தோட்டம். வண்டி மாமா காலத்து மாஸி பெர்குசன் 135 டிராக்டர், மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின், இன்ஜெக்டர்களுக்கு டீசல் தள்ளுவது சி.ஏ.வி. டி.பி.ஏ. பம்ப். குலை ஏற்றிய டிரெய்லரோடு மேடு ஏறினால் திணறுகிறது, வெள்ளைப் புகை வேறு. சும்மா ஓடவிட்டால் சத்தம் ஏறி ஏறி இறங்குகிறது. பம்ப் பக்கம் கடகடவென்று ஒரு தட்டல். பில்டர் மாற்றியாச்சு, இன்ஜெக்டர் சோதித்தாச்சு. பட்டறையில் பம்பையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

லாலாங்:
டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கும். மறுபடி காற்றை வெளியேற்றிப் பாருங்க.

பழைய மெக்கானிக், சுங்கை சிப்புட்:
காற்று புகுந்தால் ஏறி இறங்கும், சரி. தட்டல் ஏன் வருது? தம்பி, இரண்டு விஷயம் பாருங்க. டிப்ஸ்டிக்கில் (எஞ்சின் எண்ணெய் அளக்கும் கம்பி) எண்ணெய் கூடியிருக்கா, டீசல் வாடை அடிக்குதா? அப்புறம், பம்ப் விளிம்பில் கீறிய கோடும் டைமிங் கேஸில் (பம்ப் மாட்டியிருக்கும் எஞ்சின் முன்பக்கப் பெட்டி) உள்ள கோடும் நேராக நிற்குதா?

செம்பனைக்காரன்:
அண்ணே, எண்ணெய் மேல் கோட்டையும் தாண்டி நிற்குது, தண்ணி மாதிரி ஓடுது. கோடு இரண்டும் ஒரு தீக்குச்சி அகலம் விலகியிருக்கு.

பழைய மெக்கானிக், சுங்கை சிப்புட்:
அப்போ வண்டியை நிறுத்திடுங்க. பம்ப் ஷாப்ட் சீல் (டீசல் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போய் டீசல் எஞ்சினுக்குள் இறங்குது. அந்த எண்ணெயோடு ஓட்டினால் பேரிங் போகும்.

கோடு விலகியது தானாக நடக்காது. ஸ்ப்லைன் (ஷாப்டில் உள்ள பற்கள்) தேய்ந்தால் டைமிங், அதாவது டீசல் பாயும் நேரம், பிந்தும், புகை வரும். அதைச் சரிக்கட்ட யாரோ பம்பைத் திருப்பி வைத்து ஒப்பேத்தியிருக்காங்க. நட்டுகள் நீள்துளையில் உட்காருவதால் அது சுலபம். பம்ப் எஞ்சினின் பாதி வேகத்தில்தான் சுற்றும். அங்கே ஒரு டிகிரி ஆடினால் எஞ்சினில் இரண்டு டிகிரி.

முதல் சிலிண்டரை அழுத்தக் கட்டத்தின் உச்சியில் நிறுத்திவிட்டுப் பம்பைக் கழற்றுங்க. அதன்பின் எஞ்சினைச் சுற்றவே கூடாது. ஷாப்டைப் பிடித்து இருபுறமும் திருப்பிப் பாருங்க. லேசாக 'டக் டக்' என்றாலே தேய்மானம். பற்களின் ஒரு பக்கம் மட்டும் கத்தி விளிம்பு மாதிரி கூர்ந்திருக்கும்.

செம்பனைக்காரன்:
அதேதான் அண்ணே! விரலால் தடவினாலே கீறுது. ஷாப்டை மட்டும் மாற்றினால் போதுமா?

பழைய மெக்கானிக், சுங்கை சிப்புட்:
போதாது. ஷாப்டும், பம்புக்குள் அதன் பற்கள் உட்காரும் ஹப்பும் ஜோடி. புது ஷாப்டைப் பழைய ஹப்பில் போட்டால் சீக்கிரமே அதையும் தின்றுவிடும். ஹப்பை எடுக்கப் பம்பைத் திறக்கணும். டெஸ்ட் பெஞ்ச் (பம்பை ஓட்டிச் சோதிக்கும் மேடை) உள்ள பம்ப் கடையில் கொடுங்க, தோட்டத்துக் கொட்டகையில் வேண்டாம். பம்பின் உடம்பும் உள்ளே சுற்றும் ரோட்டரும் நன்றாக இருந்தால் முழுப் பம்ப் தேவைப்படாது.

சீலை 'விட்டான்' (Viton) என்ற டீசல் தாங்கும் ரப்பரில் கேளுங்க. 2019இல் வண்டி டீசலில் 10 விழுக்காடு செம்பனை டீசல் கலக்க ஆரம்பிச்சாங்க. பழைய ரப்பருக்கு அது ஒத்துவராது. நம்ம குலையே நம்ம சீலைத் தின்னுது, பாருங்க!

மாட்டும்போது ஷாப்டில் ஒரு பல் மட்டும் அகலம், ஒரே நிலையில்தான் உட்காரும். உட்காரலேன்னா சுத்தியலை எடுக்காதீங்க, திருப்பிப் பாருங்க. பம்ப் கோடும் டைமிங் கேஸ் கோடும் நேராக நிற்கும்படி பம்பைக் கொண்டுவந்து நட்டை முடுக்குங்க.

லாலாங்:
எஞ்சின் எண்ணெயை எப்போ மாற்றணும் அண்ணே?

பழைய மெக்கானிக், சுங்கை சிப்புட்:
ஸ்டார்ட் பண்ணும் முன்னாடியே, பில்டரோடு சேர்த்து. அப்புறம்தான் காற்றெடுக்கிறது.