ராமேஸ்வரம் தீவில் 2025, இந்த ஒரு வருடம்: மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

தெற்குவாடிக்காரன்:

வருடக் கடைசி வந்தால் பாலம், திருவிழா, சரணாலயம் என்று ஆளாளுக்குப் பட்டியல் போடுகிறார்கள். எனக்கு ஒன்றுதான். ஏப்ரல் 6 புதுப் பாம்பன் ரயில் பாலத்தின் திறப்பு விழாவைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நான் சொல்வது அதற்குச் சில நாள் கழித்து நடந்தது.

எங்கள் அடுக்களையில் நின்றால் ரயில் சத்தம் கேட்கும். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் வண்டி ஓடுவது நின்றதிலிருந்து அது இல்லை. ரெண்டே கால் வருடம் பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபம் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்தோம். அம்மாவுக்கு ரயில்தான் கடிகாரம். மண்டபம் பக்கம் வண்டி பாலம் ஏறினால் அரிசி களைய ஆரம்பிப்பார். அது ஊர்ந்து ஊர்ந்து இந்தப் பக்கம் இறங்குவதற்குள் அரிசி உலையில் கிடக்கும்.

அன்றைக்கு நகரை மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர், சத்தம் கேட்டதும் அரிவாள்மணையை விட்டு எழுந்தார். கையெல்லாம் செதில். வாசலுக்குப் போய் நிற்பதற்குள் வண்டி கடந்துவிட்டது. "அதுக்குள்ளயா?" என்றார். அவ்வளவுதான். கை கழுவாமல் அப்படியே ரொம்ப நேரம் நின்றார்.

அம்மாச்சி 1964 புயலில் தனுஷ்கோடியிலிருந்து கட்டிய சேலையோடு வந்தவர். அந்தப் புயலில் உடைந்த பாலத்தை 46 நாளில் சரிசெய்து ரயில் விட்டார்கள். அந்த முதல் வண்டியின் சத்தம் கேட்ட அன்றுதான் இனி பிழைத்துக்கொள்வோம் என்று அம்மாச்சிக்குத் தோன்றியதாம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர் அம்மா. புதுப் பாலம் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த "அதுக்குள்ளயா" காதிலேயே நிற்கிறது.

வேர்க்கோட்டுக்காரி:

தம்பி, உங்கள் அம்மாவைக் கண்ணால் பார்த்த மாதிரி இருக்கிறது.

எனக்குக் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. போன வருடம் மீனவர் போராட்டத்தால் இங்கிருந்து யாரும் போகவில்லை. அதனால் இந்த மார்ச் 14 வெள்ளிக்கிழமை ஜெட்டியில் நின்றபோதே எனக்கு அழுகை வந்தது. சோதனை, பெயர்ப் பட்டியல், உயிர்காப்பு உடை எல்லாம் உங்களுக்கே தெரியும். சாயங்காலம் கொடியேற்றம், சிலுவைப்பாதை, ராத்திரி தேர்பவனி. தேர் முடிந்ததும் மணலில் பாய் விரித்தோம். பக்கத்தில் இலங்கை நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். கச்சத்தீவில் குடிக்கத் தண்ணீர் கிடையாதே, என் பாட்டிலை அவளிடம் நீட்டினேன். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. பிள்ளைகள், கல்யாணம், நகை விலை என்று போனது. அவள் பையிலிருந்து ஒரு பனங்கட்டிக் குட்டானை, பனைவெல்லம் வைத்த சின்ன ஓலைப்பெட்டியை, எடுத்து என் மடியில் வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "குறை நினைக்காதேங்கோ அக்கா. உங்கட ரோலர் படகு எங்கட வலையை அறுத்துக்கொண்டு போகுது. போன கிழமையும் எங்கட ஆளின்ர வலை போயிட்டுது. கடன்பட்டு வாங்கின வலை."

என் வீட்டுக்காரர் விசைப்படகில்தான் போகிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. குட்டானைக் கையில் பிடித்தபடியே இருந்தேன். அவளும் அப்புறம் எதுவும் கேட்கவில்லை. விடியற்காலைத் திருப்பலியில் எனக்குப் பக்கத்தில்தான் முழங்காலிட்டாள்.

சங்குமால் படகு:

அக்கா, அந்தோணியார் திருவிழாவில் இந்தப் பேச்சு வேண்டாமே. விசைப்படகுக்காரன் என்றாலே வலையை அறுப்பவன் என்று எல்லோரையும் ஒரே தராசில் வைக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள்தான் எங்களுக்குத் தொழில், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. மீன்வளத்துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கித்தான் போகிறோம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் சும்மா கிடக்கிறோம், நிவாரணம் 8,000 ரூபாய். ஆழ்கடல் படகுக்கு மாறு என்று 2017-இல் திட்டம் வந்தது. 80 லட்சத்தில் 70 சதவீதம் மானியம் என்றார்கள். மிச்சத்துக்கு யாரிடம் போவது? மாறினாலும் இங்கேயே இழுவைமடி போட்டுப் பழகியவனுக்கு ஆழ்கடல் தொழிலை யார் சொல்லித் தருவது? இதையும் சேர்த்து எழுதுங்கள்.

என் அனுபவம் சின்னது. ஜூன் மாதம் தடை முடிந்து முதல் தடவை கடலுக்குப் போகிற நாள். ஐஸ் ஏற்றி, டீசல் போட்டு, படகுக்குச் சந்தனம் பூசி நிற்கிறோம். மூத்தவன் ஐ.டி.ஐ. முடித்திருக்கிறான், கூட வருவான் என்று அவனுக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டியிருந்தாள் அவன் அம்மா. ஜெட்டி வரைக்கும் வந்தான். கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, "நான் வரலைப்பா" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தச் சாப்பாட்டை நான் கடலில் பிரிக்கவே இல்லை.

சின்னப்பாலம்:

படகு அண்ணே, உங்கள் வலி புரிகிறது. ஆனால் அந்த நெடுந்தீவு அக்கா சொன்னதில் என்ன தப்பு? எங்கள் அப்பா நாட்டுப்படகு. எங்கள் வலையும்தான் அறுந்திருக்கிறது, அதுவும் நம்ம ஊர்ப் படகால். கோயில் மணலில் பேசாமல் வேறு எங்கே பேசுவார்கள்? ரெண்டு கரைக்காரர்களும் சோதனைச்சாவடி இல்லாமல் பக்கத்தில் உட்காருகிற இடம் அது ஒன்றுதான்.

என்னுடையது அம்மாவைப் பற்றி. அம்மா கடல்பாசி எடுப்பவர். கண்ணாடி மாட்டி, விரலுக்குத் துணி சுற்றி, காலில் தகடு கட்டி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பார். நாற்பது வருடமாக. புதுப் பாலத்தின் சோதனைக்காகத் தூக்குப்பாலத்தை உயர்த்திய ஒரு நாள், ரோட்டுப் பாலத்தில் ஒரே கூட்டம். 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மேலே போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாய் பிளக்கத்தான் செய்யும். அம்மா அப்போதுதான் கரையேறி, ஈரச் சேலையும் சாக்குமாக வந்து என் பக்கத்தில் நின்றார். ஒரு பையன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மரியாதையாகத்தான் சொன்னான்: "ஆன்ட்டி, படத்துல வர்றீங்க, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

அம்மா தள்ளிக்கொண்டார். சாக்கையும் இழுத்துக்கொண்டார். சாக்கிலிருந்து தண்ணீர் ஒரு கோடாக வழிந்து அந்தப் பையனின் செருப்பு வரைக்கும் போனது. நான் ஏதாவது பேசியிருக்க வேண்டும், பேசவில்லை.

மதுரை வண்டி:

நான் உள்ளூர் இல்லை, வருடத்துக்கு ரெண்டு தடவை வருகிறவன். தனுஷ்கோடியில் பூநாரைகளைப் பார்த்தேன். தண்ணீரில் தலைகீழாக அலகை வைத்து மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்து அத்தனையையும் பறக்க வைத்தார், பிள்ளைகள் பார்க்கட்டும் என்று. சிவப்பும் கறுப்புமாக இறக்கை விரிந்தது அழகுதான். ஆனால் அவை திரும்ப இறங்கவே இல்லை.

ஜூன் மாதம் அங்கே 524.7 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். ஆகவே வருகிறவர்களுக்குச் சில விஷயம். குளிர்காலத்தில் வாருங்கள், காலையிலேயே போங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தீவின் கடைசியில் இருக்கிற அரிச்சல்முனைப் பக்கம் விடமாட்டார்கள். வண்டியைச் சாலையிலேயே நிறுத்துங்கள், மணலில் இறக்கினால் சக்கரம் புதையும். பைனாகுலர் கொண்டுவாருங்கள், ட்ரோன் வேண்டவே வேண்டாம். முனையில் குளிக்கவே கூடாது. ஒரு பக்கம் பெண்கடல் (பாக் நீரிணை) சாதுவாகத் தெரியும், மறுபக்கம் ஆண்கடல் (மன்னார் வளைகுடா), ரெண்டும் சேருகிற இடத்தில் இழுப்பு அதிகம். கோயிலில் 22 தீர்த்தமும் ஆடுவதாக இருந்தால் மாற்றுத் துணியைக் கையோடு எடுத்துப் போங்கள், ஈரத்துணியோடு சாமி பார்க்க முடியாது. வயதானவர்களுக்கு வழுக்காத செருப்பு என்று சொல்ல வந்தேன், உள்ளே செருப்பே கிடையாது, அதனால் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். அமாவாசை அன்று கூட்டம் தாங்காது, முந்தின நாளே வந்துவிடுங்கள். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிடும் மாதங்களில் ராத்திரி கடற்கரையில் டார்ச் அடிக்காதீர்கள். குஞ்சுகளைக் கடலில் விடும் நாளை வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள், அதைவிட நல்ல பாடம் கிடையாது.

தெற்குவாடிக்காரன்:

மதுரை அண்ணே, நல்ல விஷயம்தான், ஆனால் அனுபவத்தைக் கேட்டால் வழிகாட்டி எழுதிவிட்டீர்களே. அந்தப் பறவைகள் எந்தப் பக்கம் போயின என்று பார்த்தீர்களா?

மதுரை வண்டி:

ஆண்கடல் பக்கம். அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தோம் தம்பி.

வேர்க்கோட்டுக்காரி:

படகுத் தம்பிக்கு: உங்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. என் வீட்டிலும் அதே கடன், அதே டோக்கன். உங்கள் பையன் சொன்னதை என் பையனும் சொல்லிவிட்டான்.

நான் திரும்ப எழுத வந்தது வேறு. நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது இங்கே மூன்று நாள் காற்றும் மழையும், கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தோம். அக்கரையில் நூற்றுக்கணக்கான பேர் இறந்துபோய்விட்டார்கள் என்று டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. நெடுந்தீவு என்று எங்காவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் பெயரைக் கேட்டேன், பிள்ளைகள் பெயரைக் கேட்டேன், போன் நம்பரைக் கேட்கவில்லை. ராத்திரி முழுக்கப் பக்கத்தில் இருந்தும் எப்படித் தோன்றாமல் போனது?

பனங்கட்டி ஈஸ்டருக்கே தீர்ந்துவிட்டது. குட்டானைத் தூக்கிப் போடவில்லை, மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது. வரும் திருவிழாவுக்குப் பெயர் கொடுக்கப் போகிறேன். வலைக்கு என்ன பதில் சொல்வது என்று இவரிடமும் கேட்டுவிட்டேன். இன்னும் பதில் சொல்லவில்லை, ஆனால் தானும் வருவதாகச் சொல்கிறார்.