டெக்சாஸா, நியூஜெர்சியா? தங்கைக்காகக் கேட்கிறேன்

வணக்கம். என் தங்கை 4 மாசத்துக்கு முன்னால 5 வயசுப் பிள்ளையோட டெக்சாஸ்ல இருந்து நியூஜெர்சிக்கு, என் வீட்டுக்கு வந்துட்டா. மாப்பிள்ளை அங்கேயேதான் இருக்கார். விவாகரத்தை எந்த மாநிலத்துல போடுறது? நியூஜெர்சியில பொதுவா ஒரு வருஷம் குடியிருந்திருக்கணும். டெக்சாஸ்ல 6 மாசம். பிள்ளை விஷயம் தனி. கடைசியா தொடர்ந்து 6 மாசம் எங்க வளர்ந்துதோ அதுதான் சொந்த மாநிலம். அப்பா இன்னும் அங்க இருக்கறதால டெக்சாஸ் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம்னு படிச்சேன். அவர் முந்திக்கிட்டு கேஸ் போட்டா பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்வாங்களோன்னு ராத்திரியெல்லாம் தூங்காம கிடக்கா. பார்க்கவே முடியல.

ரெண்டு மாநிலத்துக்கு நடுவுல இப்படி மாட்டினவங்க யாராவது இருந்தா, எந்த ஊர்ல வக்கீல் பிடிச்சீங்க, முதல்ல என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க. தமிழ் தெரிஞ்ச வக்கீல் இருந்தா தனியா மெசேஜ் பண்ணுங்க.