மறுமொழி: கோவாவுக்குப் போடும் வலை – 'பூச்சிவலை' வேண்டாம்

எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டுத்தோட்டக் கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பூச்சி உள்ளே வராமல் கோவாவின் (முட்டைக்கோசின்) மேல் போடும் வலையை எப்படி அழைப்பது என்ற இந்த ஒரு சொல்தான் மிச்சம். நீங்கள் எழுதியவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> பூச்சிவலை என்றால் போதுமே. யாருக்கு விளங்காது?

விளங்குகிறது சேர், பிழையாக விளங்குகிறது. போன போகம் களுதாவளை வகுப்பில் நானே அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். மீன்வலை மீனைப் பிடிக்கும், பூச்சிவலை பூச்சியைப் பிடிக்கும் என்று எடுத்துக்கொண்ட ஒரு அம்மா, இலையில் ஓட்டை கண்ட பிறகு வலையைப் போட்டார். பத்து நாள் கழித்துத் தூக்கிப் பார்த்தோம். இலையில் மேல்தோல் மட்டும் மிஞ்சி, கண்ணாடி பதித்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. விரல் பட்டதும் பச்சைப் புழு துடித்து விழுந்து நூலில் தொங்கியது. வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. முட்டையோடு சேர்த்து மூடிவிட்டார். புழுவை அழிக்கத் தேடி வரும் குளவி வெளியே நின்றுவிட்டது. அந்த அம்மாவில் பிழையில்லை, நான் கொடுத்த சொல்லில்தான் பிழை.

இந்த வலையை நடுகிற அன்றே போட்டு, ஓரத்தை மண்ணில் புதைக்க வேண்டும். பூசணி என்றால் பூக்கும்போது தேனீக்குத் திறந்துவிட வேண்டும். கோவாவுக்கு அந்தத் தேவையில்லை, வெட்டும்வரை கிடக்கலாம். 'முன்னமே போடுவது' என்ற கருத்து சொல்லிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

> கவிகை என்றால் குடை. கவிவலை: நல்ல வினைத்தொகை.

வினைத்தொகைதான், அழகும்தான். ஆனால் அக்கரைப்பற்றுப் பக்கம் 'கவி' என்றால் வயலில் பாடும் கவிதான் காதில் விழும். மூடுவலையும் வினைத்தொகையே, எளிதும்கூட. எப்போது மூடுவது என்றுதான் அது சொல்லவில்லை.

அப்புறம், 'கோவா'வை நீக்கச் சொன்னவருக்கு: போர்த்துக்கேயரின் 'கோவ்' வழியாக வந்தது என்பது சரி. சந்தையில் நாம் எல்லோரும் கேட்டு வாங்கும் பெயர் அது. அதை இந்த இழையில் கிளற வேண்டாம். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னைச் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியதை நினைவூட்டியதற்கு நன்றி; அந்தப் பெருமை எனக்கும் உண்டு.

> காப்புவலை. தீமிதிப்புக்குக் காப்பு முன்னதாகத்தானே கட்டுகிறோம்?

பாண்டிருப்பு அக்கா, மூன்று நாளாக நான் தேடியது இதைத்தான். குறள் 1038இலும் பயிரைக் காப்பதற்கு இதே சொல்தான். காப்பு என்றால் வளையல் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள் என்றார் ஒருவர். சிரிக்கட்டும், கையில் போடுவதும் நினைவில் நிற்கும்.

எழுதிய எட்டுப் பேரில் ஐவர் காப்புவலை, இருவர் மூடுவலை. அக்கரைப்பற்றுக் காக்கா (அண்ணன்) மட்டும் அசையவில்லை: "கடைக்காரனிடம் காப்புவலை கேட்டால் என்னத்தை எடுத்துத் தருவான்? நெற் (net) என்றே போடுங்கள்." அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் 'நடும்போதே போடும் காப்புவலை, கடையில் நெற்' என்று எழுதி அனுப்பப் போகிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.