காரைக்குடி மாணவர்களின் சீனக் கல்விப் பயணம்: எந்த ஊர்களைத் தேர்ந்தெடுப்பது?

கேட்டவர்: காரைக்குடி வரலாற்று ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் உள்ள ஒரு கல்லூரியில் வரலாறு கற்பித்து வருகிறேன். வரும் கல்வியாண்டில் 18 மாணவ மாணவியரை 12 நாள் பயணமாகச் சீனாவுக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். பயண முகவர் அளித்த திட்டத்தில் பெய்ஜிங், சீஆன், ஷாங்காய் ஆகிய மூன்று நகரங்கள் உள்ளன. பெருஞ்சுவரையும், 1974இல் கிணறு வெட்டிய உழவர்கள் கண்டெடுத்த சுடுமண் படைவீரர்களையும் யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும், அவற்றைப் பார்த்துப் படம் எடுத்துத் திரும்பும் பிள்ளைகளிடம் 'நம் ஊரைப் பற்றி அங்கே என்ன தெரிந்துகொண்டீர்கள்' என்று கேட்டால், பதில் கிடைக்காது என்ற கவலை எனக்கு உண்டு. இவர்களில் பாதிப்பேர் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் ஆகிய ஊர்களின் செட்டிநாட்டு வீடுகளில் வளர்ந்தவர்கள். அவர்களுக்குப் பொருத்தமான வேறு வழி இருந்தால் கூறுங்கள். பிள்ளைகளில் பலர் சைவ உணவினர் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

பதில்: கானாடுகாத்தான் ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, முகவரின் திட்டத்தை அப்படியே ஒதுக்கிவிட்டுத் தெற்கே செல்லுங்கள் என்பதுதான் என் கருத்து. குவாங்தோங் மாகாணத்தில் கைப்பிங் என்றொரு வட்டாரம் இருக்கிறது. அங்குள்ள வயல்களுக்கு நடுவே, பல மாடி உயரத்தில், கிரேக்கத் தூண்களும் கும்மட்டங்களும் சீனக் கூரைகளும் கலந்த கோபுர வீடுகள் நிற்கின்றன. அவற்றைத் தியாவ்லோ என்கிறார்கள். இன்று எஞ்சியிருப்பவை 1,833. பெரும்பாலானவை 1920களிலும் 1930களிலும் எழுந்தவை. 2007இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது.

அவற்றைக் கட்டியவர்கள் யார் என்பதுதான் நம் பிள்ளைகளுக்கான பாடம். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, தென்கிழக்காசிய நாடுகள் என்று பிழைக்கப் போன ஆண்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகள் அவை. நம் நகரத்தார் முன்னோர் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போனபோது, சம்பளச்சீட்டு என்ற வேலை ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, மூன்றாண்டுக் கணக்கு முடியும்வரை மனைவி மக்களை ஊரிலேயே விட்டுச் சென்றார்கள் அல்லவா? கைப்பிங் ஆண்களும் குடும்பத்தை ஊரில் விட்டுத்தான் போனார்கள். ஆனால் காரணம் வேறு. அமெரிக்கா 1882இல் இயற்றிய சீனர் விலக்குச் சட்டம் 1943வரை நடைமுறையில் இருந்தது. அதனால் கூலித் தொழிலாளிகள் குடும்பத்தை அழைத்துக்கொள்வது ஏறக்குறைய இயலாத செயலாயிற்று. பணம் ஊருக்கு வந்தது, வீடு உயர்ந்தது, கட்டியவர் அதில் வாழ்ந்த நாட்களோ மிகக் குறைவு. நம் வீட்டு முகப்பில் நின்று பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்க்கும்போது மனத்தில் எழும் அதே எண்ணம் அங்கும் எழும்.

வேறுபாடுகளையும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். நம் வீடுகள் ஒரு தெருவிலிருந்து மறு தெருவரை நீளவாட்டில் விரிந்தவை. அவர்களுடையவை, கொள்ளையரிடமிருந்தும் வெள்ளத்திலிருந்தும் தப்புவதற்காக மேல்நோக்கி வளர்ந்தவை. சாளரங்களுக்கு இரும்புக் கதவு, மாடி மூலைகளில் துப்பாக்கித் துளை வைத்த கூண்டு என்று, செல்வத்தோடு அச்சமும் அந்தச் சுவர்களில் எழுதப்பட்டிருக்கிறது. நாம் சுண்ணாம்பை அரைத்துப் பூசிய காலத்தில் அவர்கள் வெளிநாட்டுச் சிமெண்டை வரவழைத்தார்கள். அதற்கு அந்த ஊர் மக்கள் வைத்த பெயர் 'செம்மயிர்க்காரர் சேறு'. செம்மயிர்க்காரர் என்றால் ஐரோப்பியர்.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில்தான், அதாவது உலக மரபுச் சின்னமாகப் பரிந்துரைக்கக் கருதப்படும் இடங்களின் பட்டியலில்தான் உள்ளன. பட்டியலிலிருந்து மேலே ஏறிய ஓர் ஊர், ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளை எப்படிப் பேணுகிறது என்பதை நம் பிள்ளைகள் நேரில் பார்ப்பது, எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிறது.

பதில்: தேவகோட்டை கட்டடக்கலைஞர்

மேலே ஐயா கூறியதை முழுமையாக ஆதரிக்கிறேன். அத்துடன், ஃபூஜியான் மாகாணத்தின் துலோ வீடுகளையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மண்ணை இடித்துக் கெட்டித்த தடித்த சுவர்களால், வட்டமாகவோ சதுரமாகவோ கட்டப்பட்ட குலக் குடியிருப்புகள் அவை. 46 கட்டடங்கள் 2008இல் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.

அவற்றில் என்னை வியக்க வைப்பது பங்கீட்டு முறை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கீழிருந்து மேல்வரை ஒரு செங்குத்துத் துண்டு உரியது: கீழே சமையல், அடுத்த தளத்தில் தானியம், அதற்கு மேல் படுக்கை. நடு முற்றமும் முன்னோர் வழிபாட்டு மண்டபமும் எல்லோருக்கும் பொது. நம் வீட்டு நடு முற்றப் பகுதியான வளவைச் சுற்றி, மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை ஒதுக்கி, தனிக் குடித்தனமாக வேறு வைத்துத் தனி அடுப்பும் கொடுத்து, சாமி வீட்டையும் முற்றத்தையும் பொதுவில் வைத்துக்கொண்ட ஏற்பாட்டுக்கு இது எவ்வளவு நெருக்கமானது! ஒரே கூரையின் கீழ்த் தனித்தனி அடுப்புகள் என்ற தீர்வை, ஒன்றையொன்று அறியாத இரு சமூகங்கள் எட்டியிருக்கின்றன.

புறப்படும் முன் ஒவ்வொரு மாணவரும் தம் ஊரில் ஒரு வீட்டையாவது அளந்து வரைபடம் எழுதி எடுத்துச் செல்லட்டும். முகப்பு, வளவு, அதன் பின்னுள்ள இரண்டாங்கட்டு ஆகியவற்றின் அளவும், முற்றத்து மழைநீர் எங்கே போகிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். சொந்த வீட்டை அளக்காதவருக்கு அடுத்தவர் வீட்டைப் பார்த்து ஒப்பிட எதுவும் இராது.

பதில்: குவாங்சோவில் வசிக்கும் புதுவயல்காரர்

ஐயா, வணிகத்தின் பொருட்டு இங்கே தங்கியிருப்பவன் என்ற முறையில் நடைமுறைச் செய்திகளை மட்டும் கூறுகிறேன். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாகக் குவாங்சோவுக்கு வருவது உங்களுக்கு எளிது. அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை என்பதால் நாடே பயணத்தில் இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர்வரை இந்தக் கடற்கரையில் சூறாவளிகள் வரும். ஆகவே நவம்பரே நல்லது.

தொடர்வண்டிச் சீட்டு கடவுச்சீட்டு எண்ணோடு இணைக்கப்படுகிறது. பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றிலும் அதே எண்ணைக் கொண்டு முன்பதிவு செய்ய வேண்டும், திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் விடுமுறை. கூகுளும் வாட்ஸ்அப்பும் இங்குள்ள இணையத்தில் இயங்கா என்பதால், பெற்றோரிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள். இல்லையெனில் முதல் நாளே பதறிப்போவார்கள். கடைகளில் அலிபே, வீசாட் என்ற கைபேசிச் செயலிகள் வழியாகத்தான் பணம் செலுத்துகிறார்கள். வெளிநாட்டு அட்டைகளையும் இணைக்கலாம், ஆனால் ஊரிலேயே இணைத்துச் சோதித்துவிட்டு வாருங்கள்.

உணவைப் பொறுத்தவரை, 'காய்கறி மட்டும்' என்று சொன்னால் பன்றிக் கொழுப்பில் வதக்கிய கீரையும் வரக்கூடும். 'வோ ச்சி சூ' என்று கூறினால் சைவம் உண்பவர் என்று புரிந்துகொள்வார்கள். அதைச் சீன எழுத்தில் அச்சிட்ட அட்டை ஒன்று ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும். பௌத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. வீட்டிலிருந்து பருப்புப் பொடி கொண்டு வந்தால் நல்ல துணை.

இன்னொன்று. குவாங்சோவிலிருந்து கிழக்கே செல்லும் வழியில் சாந்தோ நகரம் உள்ளது. கடல் கடந்தவர்கள் பணத்தையும் கடிதத்தையும் ஒரே உறையில் ஊருக்கு அனுப்பிய 'சியாவ்பி' ஆவணங்களுக்கென்று அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பணம் கொண்டுவந்தவர், கிடைத்தது என்ற பதில் கடிதத்தை வாங்கித் திரும்புவது வழக்கம். 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இவை சேர்க்கப்பட்டன. எங்கள் பாட்டனாரின் பெட்டியடிக் (வணிகக் கடை) கணக்கு நோட்டுகள் கறையான் அரித்துப் போனதை எண்ணியபடியே அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மீண்டும்: காரைக்குடி வரலாற்று ஆசிரியர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குவாங்சோ, கைப்பிங், சாந்தோ, சியாமென், துலோ ஊர்கள் என்று வழியை மாற்றிவிட்டு, இறுதியாக ஃபூஜியானின் பழைய துறைமுக நகரமான சுவான்சோவில் இரண்டு நாட்கள் வைத்திருக்கிறேன். சோழ அரசு 1077இல் 72 பேர் கொண்ட தூதுக்குழுவைச் சீனாவுக்கு அனுப்பியதை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் தமிழர் அங்கே தங்கி வாழ்ந்ததற்குச் சான்று சுவான்சோவில்தான் இருக்கிறது. சக ஆண்டு 1203, அதாவது 1281இல், செகசைக் கான் என்று கல்வெட்டு குறிக்கும் மங்கோலிய அரசரின் உடல்நலம் வேண்டிச் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவபெருமானை எழுந்தருளுவித்த செய்தியைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் அது. கய்யுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத் தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் இன்றும் இருக்கிறார்கள். சிதைந்த சிவன் கோயிலின் கற்களை வீசி எறியாமல், தங்கள் கோயிலைச் செப்பனிட்டபோது அதில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெருஞ்சுவர் இல்லையா என்று இரண்டு பெற்றோர் வருந்தினார்கள். அதற்கு மேலும் ஐந்து நாட்கள் வேண்டும் என்று விளக்கிக் கூறினேன், ஏற்றுக்கொண்டார்கள். வீடு அளக்கும் பணியை அடுத்த சனிக்கிழமை பள்ளத்தூரில் தொடங்குகிறோம். தேவகோட்டை அம்மா அன்று வர இயலுமா? பிள்ளைகளுக்கு அளவுநாடாவைப் பிடிக்கவே முதலில் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. புதுவயல் தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: சாந்தோ அருங்காட்சியகத்தில், நம் மாணவர்கள் கொண்டுவரும் சம்பளச்சீட்டுப் படிகளை அங்குள்ளவர்களிடம் காட்டி உரையாட ஒரு மணி நேரம் கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.